பிசின் உருட்டும் தாடை

உலகின் மிகப் பெரிய தேனீக்கு 1860இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். அப்போது அதைப் பற்றிக் கையில் இருந்தது ஓர் உடல் மட்டும். பெண். பிடிபட்ட இடம், இன்றைய இந்தோனேசியாவின் வட மலுக்குத் தீவுகளில் ஒன்றான பாச்சான். பிடித்தவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். பெயரிட்டவர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஃபிரெடரிக் ஸ்மித். மெகாகைலி புளூட்டோ என்று எழுதினார்.

அந்தத் தேனீ எங்கே குடியிருக்கிறது, எதைக் கொண்டு கூடு கட்டுகிறது என்பதை ஓர் ஆய்வாளர் நேரில் பார்க்க 1981 வரை ஆயிற்று. பெயர் முந்திக்கொண்டது. பெயருக்குரிய வாழ்க்கை நூற்றிருபது ஆண்டு பிந்தி வந்து சேர்ந்தது. கொஞ்ச நாளாக என் மனம் இந்த இடைவெளியிலேயே நிற்கிறது. ஒரு பூச்சியை இன்னதென்று இனங்காணும்போது அதைப் பற்றி உண்மையில் என்ன தெரிந்துகொள்கிறோம்?

*

அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்ணின் உடல் நீளம் சுமார் 38 மில்லிமீட்டர். சிறகை விரித்தால் 63 மில்லிமீட்டருக்கும் சற்று மேல். நம் மலைத்தேனீயின் வேலைக்காரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். ஆண் சிறியது, 23 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும்.

செய்திகளில் இந்தக் கணக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். பெரியது என்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. யானையும் பெரியதுதான். என்னை நிறுத்துவது அவளுடைய தாடை. தலையிலிருந்து முன்னால் நீண்டு, தேனீக்கு ஆகாத ஒரு பிரம்மாண்டத்தோடு இருக்கிறது. ஆணுக்கு அப்படி இல்லை. ஆக, சண்டைக்காக வளர்ந்த தாடையாக இருக்க வாய்ப்புக் குறைவு. சண்டைக்கென்றால் பெரும்பாலும் ஆணுக்குத்தான் வளரும். பெண் மட்டும் செய்கிற ஏதோ ஒரு வேலைக்காக அது இருக்கிறது. செத்த உடலைப் பார்த்து இவ்வளவு ஊகிக்கலாம். அந்த வேலை என்ன என்று ஊகிக்க முடியாது.

*

1858 அக்டோபரில் பாச்சானுக்கு வந்த வாலஸ் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை அங்கே இருந்தார். 1858இன் தொடக்கத்தில்தான் இயற்கைத் தேர்வு பற்றிய தன் கட்டுரையைப் பக்கத்துத் தீவான தெர்னாத்தேயிலிருந்து டார்வினுக்கு அனுப்பியிருந்தார். ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டபோது அவர் கீழ்த்திசைத் தீவுகளில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார்.

பாச்சானில் அவருக்கு நல்ல காலம். சரவாக்கிலிருந்து அவரோடு வந்த மலாய் இளைஞர் அலி, ஒருநாள் வித்தியாசமான பறவை ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தார். சிறகின் மடிப்பிலிருந்து நீண்ட வெள்ளை இறகுகள் எழுந்து நிற்கும் சொர்க்கப் பறவை. இன்று அதன் பெயரில் வாலஸ் இருக்கிறார், அலி இல்லை. பிறகு பொன்னும் ஆரஞ்சும் கலந்த பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று சிக்கியது. அதை வலையிலிருந்து எடுத்தபோது நெஞ்சு படபடத்ததையும், அன்று முழுக்கத் தலைவலித்ததையும் அவர் எழுதியிருக்கிறார்.

உலகின் மிகப் பெரிய தேனீக்கு அப்படியொன்றும் இல்லை. கருப்பு, பெரியது, குளவியைப் போன்றது, மான்கொம்பு வண்டுக்கு இருப்பதைப் போன்ற பெருந்தாடை உடையது என்ற அளவில் ஒரு வரி. அவ்வளவுதான்.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு மனிதனின் வியப்புக்கு அளவு உண்டு. அதோடு அவர் செல்வர் அல்லர். பிடித்ததை லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் மூலம் விற்று அந்தப் பணத்தில் பயணம் செய்தவர். பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வாங்க ஆள் இருந்தது. கருப்புத் தேனீக்கு யார் காத்திருக்கப் போகிறார்கள்? இந்தக் கேள்விக்கு வேறொரு விடை பின்னால் வருகிறது.

ஆனால் ஒன்றை அவர் சரியாகச் செய்தார். எந்தத் தீவு என்பதைப் பிடித்துவைத்தார். இது இயல்பாக எல்லோரும் செய்த காரியம் அன்று. 1852இல் அமேசான் குரங்குகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், அருங்காட்சியகங்களிலும் நூல்களிலும் இடம் குறிக்கும் முறை எவ்வளவு தெளிவற்றது என்று அவர் குறைப்பட்டிருக்கிறார். ஆற்றின் இந்தக் கரையில் இருக்கும் குரங்கு அந்தக் கரையில் இருப்பதில்லை. அப்படியிருக்க, வெறுமனே ‘பிரேசில்’ என்று எழுதினால் என்ன பயன்? பின்னாளில் தீவுகளுக்கிடையே ஆசிய உயிர்களையும் ஆஸ்திரேலிய உயிர்களையும் பிரிக்கும் கோட்டை அவர் கண்டது இந்தப் பழக்கத்தால்தான். தேனீக்கு அவர் தந்தது ஒரு வரியும் ஓர் ஊர்ப்பெயரும். நான் ஊர்ப்பெயரைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

*

ஸ்மித் அருங்காட்சியகத்துக்கு வரும் முன் உலோகத் தகட்டில் படம் செதுக்கும் தொழிலில் இருந்தவர். ஒரு கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பார்த்துப் பழகிய கண். தேனீ, குளவி, எறும்பு எல்லாம் அந்தக் கண்ணுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் வந்து போயின.

அவர் எந்த வரிசையில் பார்த்தார் என்பது இருக்கட்டும். இன்று தேனீயை இனங்காண உட்காரும் ஒருவர் கேட்கும் வரிசையில் நான் கேட்டுப் பார்க்கிறேன்.

இது குளவியா, தேனீயா? ரோமத்தைப் பார்க்க வேண்டும். தேனீயின் உடலில் எங்காவது கிளை விட்ட ரோமங்கள் இருக்கும். மகரந்தம் ஒட்டுவதற்கு அது வசதி. கருப்பாக, மொழுமொழுவென்று இருக்கும் பெரிய தேனீயிலும் லென்ஸ் வைத்துத் தேடினால் அது கிடைக்கும்.

ஆணா, பெண்ணா? உணர்கொம்பின் கணுக்களை எண்ண வேண்டும். பன்னிரண்டு என்றால் பெண், பதின்மூன்று என்றால் ஆண். வயிற்றின் மேல்தகடுகள் ஆறு தெரிந்தால் பெண், ஏழு தெரிந்தால் ஆண்.

மகரந்தத்தை எங்கே சுமக்கிறது? மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் பின்னங்காலில் சுமக்கும். இவளுக்குக் காலில் கூடை கிடையாது. வயிற்றின் அடிப்பக்கத்தில் ரோமப் பட்டை. பூவின் மேல் வயிற்றைத் தேய்த்து மகரந்தத்தை அதில் ஏற்றிக்கொள்ளும் குடும்பம் இது. முன்சிறகின் விளிம்பை ஒட்டி ஏறக்குறைய ஒரே நீளத்தில் இரண்டு அறைகள். மேலுதடு அகலத்தைவிட நீளத்தில் கூடுதல். கால் நகங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய சிறு மெத்தை இல்லை. இத்தனைக்கும் ஆம் என்று வந்தால் மெகாகைலி என்ற பேரினத்தில் நிற்கிறோம். உலகில் சுமார் 1,500 இனங்கள் கொண்ட கூட்டம் அது.

லென்ஸில் குனியும்போது மூச்சை மெதுவாக விட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் ஆவி படியும். கணுக்களை எண்ணும்போது மனத்தில் வேறு எண்ணம் ஓடினால் எண்ணிக்கை தவறும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூச்சை எண்ணிப் பழகச் சொல்லும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒருபோதும் கைகூடாதது, இந்தப் பன்னிரண்டு கணுக்களிடம் கைகூடுகிறது. பூச்சி அழகாயிருக்கிறதா, கொட்டுமா, அரிதா என்ற யோசனைகளுக்கு அந்த நேரத்தில் இடமில்லை. கேள்வி குறுகியது, விடை ஆம் அல்லது இல்லை. குறுகிய கேள்விகளின் அமைதி என்று ஒன்று இருக்கிறது.

ஆனால் இந்த வரிசையில் எந்தக் கேள்வியும், நீ காலையில் எழுந்து எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை.

*

எங்கள் பக்கத்து ரோஜாச் செடிகளில் இலையின் ஓரம் வட்டமாக நறுக்கப்பட்டிருக்கும். புழு தின்றதென்று மருந்தடிப்பவர்கள் உண்டு. புழு தின்றால் ஓரம் கொறித்தாற்போல் தாறுமாறாக இருக்கும். இது சுத்தமான வளைவு. இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய துண்டைச் சுருட்டி, ஏதாவது பொந்துக்குள் அடுக்கி, அதற்குள் மகரந்தமும் முட்டையும் வைத்து மூடும். அதன் சகோதர இனம் ஒன்று இலையைத் தொடாது. சுவிட்ச் போர்டின் பிளக் ஓட்டையில், ஜன்னல் சட்டத்தின் ஆணித் துளையில் மண்ணை வைத்து அடைத்துவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் இந்த மண் அடைப்பைக் குத்தி எடுக்காத வீடு குறைவு.

இரண்டும் மெகாகைலிதான். தாடையைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். இலை வெட்டும் இனத்துக்குத் தாடைப் பற்களின் இடைவெளியில் மெல்லிய வெட்டுத் தகடு இருக்கிறது. மண்ணோ பிசினோ கொண்டு கட்டும் இனங்களுக்கு அந்தத் தகடு முழுமையாக இருப்பதில்லை, அல்லது அறவே இல்லை. ஒரு தேனீ எந்தப் பொருளால் வீடு கட்டும் என்பது அதன் வாயில் எழுதியிருக்கிறது. எழுத்து தெரிந்தால் வாசிக்கலாம்.

இந்த வாசிப்பு எனக்கு வகைப்பாட்டியலில் மிகவும் பிடித்த பகுதி. பார்க்காத ஒரு காலைப்பொழுதை, செத்த ஒரு தாடையின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்ப்பது. ஆனாலும் எல்லை இருக்கிறது. பாச்சான் பெண்ணின் தாடையைப் பார்த்து இவள் இலைவெட்டி அல்லள் என்று சொல்லலாம். பிசினாக இருக்கலாம் என்றுகூடச் சொல்லலாம். கறையான்களைப் பற்றி அந்தத் தாடையில் ஒன்றும் எழுதப்படவில்லை.

*

1981இல் ஆடம் மெஸ்ஸர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் அவளைக் கண்டார். பாச்சான், ஹல்மஹேரா, திதோரே ஆகிய தீவுகளில் ஆறு கூடுகள். 1984இல் கட்டுரை வந்தது.

கூடுகள் இருந்தது மரத்தில் கட்டிய கறையான் கூட்டுக்குள். கைவிட்ட கூடும் அல்ல. கறையான்கள் குடியிருக்கும் கூடு. மைக்ரோசெரோடெர்மெஸ் அம்போய்னென்சிஸ் என்ற இனம், மரத்தின் தண்டோடு ஒட்டிக் கட்டும் கூடு அது. அதன் நடுவில் தேனீ சுரங்கம் குடைந்து, அறைகள் அமைத்து, முட்டையிடுகிறது. நூற்றுக்கணக்கான தாடைகள் இரவு பகலாக அரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் குழந்தை வளர்க்க நினைத்தவளின் துணிச்சலை என்னவென்பது.

துணிச்சலுக்குப் பின்னால் இருப்பது பிசின். அனிசோப்டெரா என்ற மரத்தின் தண்டிலிருந்து வடியும் பிசினை அவள் தாடையால் சுரண்டி, நீண்ட மேலுதட்டையும் துணைக்கு வைத்து உருண்டையாக உருட்டி, தாடைகளுக்கு நடுவில் தாங்கியபடி பறந்து வருகிறாள். அதோடு மரத்துகளையும் கலந்து சுரங்கத்துக்கும் அறைகளுக்கும் உள்பூச்சு கொடுக்கிறாள். பிசின் காய்ந்து இறுகிவிட்டால் கறையான் உள்ளே வராது. ஈரக் காட்டின் மழைநீரும் இறங்காது. தாடையும் அந்த அசாதாரண மேலுதடும் இதற்காகத்தான். ஆணுக்குக் கட்டட வேலை இல்லை. ஆகவே அவனுக்கு அந்தப் பெருந்தாடையும் இல்லை.

அனிசோப்டெரா மரம் நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரம் இருக்கும் அதே குடும்பம். குங்கிலியத்தைச் சாம்பிராணியோடு தணலில் போடுகிறவர்களுக்கும், எண்ணெயில் காய்ச்சிப் படகின் இடுக்கில் பூசியவர்களுக்கும் அந்தப் பொருளின் குணம் தெரியும். தண்ணீரை விடாது, பூச்சியை அண்டவிடாது. படகு கட்டியவர் கண்டுகொண்டதைத் தேனீ எத்தனையோ காலம் முன்பே கண்டுகொண்டது. (இந்த வரியை எழுதியதும் அடிக்கலாமா என்று யோசித்தேன். தேனீ எதையும் ‘கண்டுகொள்ளவில்லை’. பிசின் பூசிய வழியில் வந்த குஞ்சுகள் அதிகம் பிழைத்தன, அவ்வளவுதான். வாலஸின் கட்டுரை சொன்னதும் அதுதான். இருந்தாலும் வரி நிற்கட்டும்.)

மெஸ்ஸர் இன்னொன்றையும் கண்டார். ஒரே வாசலைப் பல பெண்கள் பயன்படுத்துகிறார்கள். ராணி இல்லை, வேலைக்காரி இல்லை. ஒவ்வொருத்தியும் தன் அறையைத் தானே கட்டி, தன் பிள்ளைக்குத் தானே மகரந்தம் கொண்டுவருகிறாள். வாசல் மட்டும் பொது. ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளூரில் இந்தத் தேனீக்கு ‘ராஜா ஓஃபு’, தேனீக்களின் ராஜா, என்ற பெயர் வழங்குகிறது. பெண்ணுக்கு ராஜா பட்டம். லண்டனில் வைத்த பெயரைவிட அது மோசமில்லை. ரோமானியர்களின் பாதாளக் கடவுளான புளூட்டோவும் ஆண்தானே.

*

பெயர் அத்தோடு அமைதியாக இருக்கவில்லை. 1860இல் மெகாகைலி. மெஸ்ஸரின் கட்டுரையில் சாலிகோடோமா. பிசினும் மண்ணும் கொண்டு கட்டும் இனங்களை இலைவெட்டிகளிடமிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக வைத்த காலம் அது. பிறகு சார்லஸ் மிச்சனர், 2000இல் வெளிவந்த உலகத் தேனீக்கள் பற்றிய தன் பெருநூலில், அவற்றைத் திரும்பவும் மெகாகைலிக்குள் கொண்டுவந்தார். இன்று புளூட்டோ இருப்பது மெகாகைலியில், கலோமெகாகைலி என்ற துணைப்பேரினத்துக்குள். அந்தத் துணைப்பேரினத்தை 1962இல் வகுத்தவரும் மிச்சனர்தான்.

விலங்குப் பெயரிடல் விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. இனத்துக்குப் பெயரிட்டவர் முதலில் வைத்த பேரினத்திலேயே அது இருந்தால், பின்னால் வரும் அவர் பெயருக்கு அடைப்புக்குறி கிடையாது. வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டால் அடைப்புக்குறி போட வேண்டும். அதனால் சாலிகோடோமா காலத்தில் ஸ்மித் அடைப்புக்குறிக்குள் இருந்தார். மெகாகைலிக்குத் திரும்பியதும் வெளியே வந்துவிட்டார். இறந்து நூற்றாண்டுக்கு மேல் ஆன ஒருவருக்கு இப்படி ஒரு சிறைவாசமும் விடுதலையும். வகைப்பாட்டியலின் நகைச்சுவை இந்த அளவில்தான் இருக்கும்.

கலோமெகாகைலியில் இன்னொரு பெரிய தேனீ இருக்கிறது. ஸ்கல்ப்டுராலிஸ். சீனா, ஜப்பான், கொரியாவின் தேனீ. 1994இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் தென்பட்டது. 2008இல் தெற்கு பிரான்சில். எந்த மரப்பொந்து, மூங்கில் துளை கிடைத்தாலும் பிசினால் அடைத்து வாழத் தெரிந்தது. அது கண்டம் விட்டுக் கண்டம் போகிறது. புளூட்டோவுக்கு அந்த மரமும் வேண்டும், இந்தக் கறையானும் வேண்டும். அரிது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இப்படித்தான் இருக்கும்: ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தாக வேண்டும்.

*

இதே ஸ்மித் 1854இல் இலங்கையிலிருந்து போன ஒரு சிறு தேனீக்கும் பெயர் வைத்தார். நாம் கொசுத்தேனீ என்று சொல்கிறோமே, கொட்டாத சின்னத் தேனீ, சுவர் விரிசலில் மெழுகுக் குழாய் வாசல் வைத்துக் குடியிருக்கும், அது. இரிடிபென்னிஸ் என்ற பெயர் அவர் தந்தது. இன்று டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ். இதுவும் பிசின் பொறுக்கும் தேனீ.

புளூட்டோவுக்கு நேர்ந்தது இதற்கு நேரவில்லை; நேர்ந்தது அதற்கு மறுதலையானது. எல்லோர் கண்ணிலும் பட்டது. பட்ட எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்தார்கள். இந்தியாவில் கொட்டாத தேனீ என்றாலே இரிடிபென்னிஸ் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. அண்மைக் காலத்தில் ஆண்களின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தவர்கள், அந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டி வருகிறார்கள். வேலைக்காரிகளைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

புளூட்டோ ஒரே உடலில் அடையாளம் காணப்பட்டது, ஏனென்றால் அதைப் போல் வேறொன்றில்லை. இரிடிபென்னிஸ் ஆயிரம் கூடுகள் கண்முன் இருந்தும் தெளிவாகவில்லை, ஏனென்றால் அதைப் போல் பல இருந்தன. அரிதானதைத் தேடிப் போகும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சுவரில் இருப்பதை இனங்காண்பதுதான் கடினம் என்பதை ஒவ்வொரு முறையும் சுவர்தான் சொல்கிறது.

*

2019 ஜனவரியில் நால்வர் குழு ஒன்று வட மலுக்குத் தீவுகளில் புளூட்டோவைத் தேடியது. கிளே போல்ட் என்ற புகைப்படக்காரர், ஈலை வைமன், சைமன் ராப்சன், க்ளென் சில்ட்டன். மெஸ்ஸரின் கட்டுரைதான் அவர்களுக்குப் படிப்பு. காட்டில் கறையான் கூடு தென்படும் இடமெல்லாம் கீழே நின்று பார்ப்பது; துளை இருக்கிறதா, துளையின் விளிம்பில் பிசின் பளபளப்பு இருக்கிறதா என்று காத்திருப்பது. பெரும்பாலான கூடுகளில் ஒன்றும் இல்லை. கடைசியில் தரையிலிருந்து இரண்டரை மீட்டர்கூட இல்லாத உயரத்தில் இருந்த ஒரு கூட்டை உள்ளூர் வழிகாட்டி காட்டினார். உள்ளே ஒரு பெண் இருந்தாள்.

புல் நுனியால் மெல்லச் சீண்டி அவளை வெளியே வரச் செய்தார்கள். படம் எடுத்தார்கள், திரும்ப விட்டுவிட்டார்கள். உயிருள்ள புளூட்டோவின் முதல் படம் அது.

ஊசியில் குத்தாமல், படத்தை வைத்தே இது புளூட்டோதான் என்று சொல்ல முடிந்தது. இந்தத் தேனீயில் மட்டுமே அது சாத்தியம் என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. நாட்டுச் செடியில் உட்காரும் சின்ன மெகாகைலியைப் படமெடுத்து அனுப்பினால், பேரினம் வரைதான் எந்த அறிஞரும் வருவார். மேலே போக உடல் வேண்டும். ஸ்மித் விவரித்த அந்தப் பெண் இன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். சந்தேகம் வந்தால் ஒப்பிட வேண்டியது அவளோடுதான். கொல்லாமல் அறிய முடியாதா என்று கேட்பவர்களிடம் எனக்குப் பரிவு உண்டு. ஆனால் அந்த ஒருத்தி ஊசியில் இல்லாவிட்டால், 2019இல் பறந்தவளுக்குப் பெயர் இருந்திருக்காது. இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சமாதானம் எதுவும் தோன்றவில்லை.

*

கருப்புத் தேனீயை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு விடை 2018இல் வந்தது. இபே தளத்தில் ஒரு புளூட்டோ 9,100 டாலருக்கு விற்றது. பன்னாட்டு வணிகத்தில் அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் அப்போது இல்லை. விற்றவர் சொன்னது சரியென்றால் அது காட்டிலிருந்து புதிதாகப் பிடித்தது.

வாலஸும் விற்றவர்தானே என்ற கேள்வி எழும். எழத்தான் வேண்டும். அவர் விற்றதால் ஸ்மித்தின் கண்ணில் பட்டது. இந்த விற்பனையால் யார் கண்ணில் படும் என்று தெரியாது. ஒரு வீட்டின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். இனங்காணப்பட்டதுதான் இந்த விலைக்குக் காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் இல்லாத கருப்புப் பூச்சிக்கு 9,100 டாலர் யாரும் தரமாட்டார்கள். பெயர், அளவு, காணாமல் போன கதை, எல்லாம் சேர்ந்த விலை அது.

இதனால் 2019 குழு, கண்ட இடத்தைத் துல்லியமாக வெளியிடவில்லை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் வகைப்பாட்டியலில் இடம் எழுதாத மாதிரி பாதி மாதிரி. 1852இல் வாலஸ் குறைப்பட்டது இதைப் பற்றித்தான். இப்போது கவனமுள்ளவர்களே இடத்தை மறைக்கிறார்கள். இடத்தைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் பிடித்து விற்பவர்கள். இன்னொரு பக்கம், ஹல்மஹேராவில் காட்டை அழித்து நிக்கல் தோண்டுகிறார்கள். பேட்டரிக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் அது தேவைப்படுகிறது. அந்த மரமும் கறையானும் எங்கே சேர்ந்து நிற்கின்றன என்று சொல்லாமல், இந்த இடத்தை விட்டுவிடுங்கள் என்று யாரிடம் கேட்பது?

உயிரினப் படங்களைப் பொதுமக்கள் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆபத்திலிருக்கும் இனம் என்றால் துல்லியமான புள்ளியைக் காட்டாது. பாகைக் கணக்கில் 0.2க்கு 0.2 கட்டம் ஒன்றைக் காட்டும். அதற்குள் எங்கோ என்று மட்டும் தெரியும். நிலநடுக்கோட்டில் அந்தக் கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். நிலநடுக்கோடு ஹல்மஹேராவின் குறுக்கே போகிறது, அதனால் கணக்கு எளிது. திதோரே அளவுள்ள தீவு அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆக, தளம் நமக்குச் சொல்வது தீவின் பெயரை மட்டும். வாலஸ் தந்த அதே துல்லியம். சிறிய தீவுகளுக்கு இந்த ஏற்பாடு போதும் என்று நினைக்கிறேன். ஹல்மஹேரா பெரியது. அங்கே தாழ்நிலக் காடு எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பார்க்கத் தெரிந்தவனுக்கு 22 கிலோமீட்டர் கட்டமே அதிகமான துப்பு. கட்டத்தைப் பெரிதாக்கலாம். பெரிதாக்கினால் சுரங்கக்காரரிடம் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.